மணி கொடிக்காலான கதை

ராஜாக்களுக்குக் கோபமும் அழுகையும் ஒரே நாளில் வந்துபோகும் அந்தக் காலத்தில், வேங்கை நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் எழுந்திருப்பது என்றால் அவருக்கு வேப்பங்காய். கோட்டை வாசல் வெண்கல மணி அடித்தால்தான் கண் திறப்பார். அதை வார்த்த நாளில் வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தார்கள். ராஜாவின் அம்மா தன் கைவிளக்கையே உலையில் போட்டாள். அவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியும், மணிச் சத்தம் கேட்டால் அம்மாவே வந்து எழுப்புவதுபோல இருக்கும் அவருக்கு.

அந்த மணியை யாரோ திருடிவிட்டார்கள். அன்று ராஜா படுக்கையை விட்டு எழவே மாட்டேன் என்றார்.

மந்திரி திருமேனியார் துருவித் துருவி விசாரித்தார். அவரும் அந்த உலைக்கு ஒரு செம்பு கொடுத்தவர்.  கடைசியில் மணியை உருக்கிய கன்னார் சபைக்கு வந்து உண்மையைக் கக்கினார். பொக்கிஷ அதிகாரி வீரகேசரிதான் மணியைத் திருடி அவரிடம் கொடுத்துக் குடங்களாக்கி, சந்தையில் விற்று, அந்தக் காசில் வெற்றிலைக் கொடிக்கால் தோட்டம் வாங்கியிருந்தார்.

மந்திரி மேல் வீரகேசரிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். அவர் துளியும் அசரவில்லை.

"மகாராஜா, தங்கள் தாத்தா போட்ட சட்டப்படி, திருட்டுப் பொருள் கையில் இருந்தால்தான் வழக்கு. என்னிடம் மணி இருக்கிறதா? வெற்றிலையைக் கிள்ளிப் பாருங்கள், டங்கென்று சத்தம் வருகிறதா? வீண்பழி போட்ட மந்திரி நாட்டை விட்டுப் போகட்டும்!"

சபை சிரித்தது. ராஜாவுக்கோ தாத்தாவின் சட்டத்தை மீறத் துணிச்சலில்லை. "திருமேனி, பௌர்ணமிக்குள் ஒரு வழி சொல்லும். இல்லாவிட்டால் மூட்டை கட்டும்" என்று கண் கலங்கச் சொன்னார். பிறந்து வளர்ந்த ஊரை விட்டுப் போவதா என்று மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமியன்று அவர் இரண்டு எருமைகளையும் ஒரு கன்றையும் சபைக்குள் ஓட்டி வந்தார். பின்னாலேயே வீரகேசரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மகாராஜா! என் வெள்ளைக் குதிரையை இவர் அவிழ்த்துப்போய் விற்றுவிட்டார்!"

"விற்றேன். அந்தக் காசில்தான் இந்த எருமைகளை வாங்கினேன்" என்றார் மந்திரி. "ஆனால் குதிரை எங்கே ஐயா? இதற்குப் பிடரி மயிர் இருக்கிறதா? கனைக்குமா?"

"என் குதிரைக் காசில் வந்தது என்னுடையது!"

"எருமை சரி. கன்றோ நான் எருமையை வாங்கிய பிறகு பிறந்ததாயிற்றே?"

"கன்று, பால், சாணி எல்லாம் எனக்குத்தான்! திருட்டுக் காசில் விளைந்த எதுவும் திருடனிடம் தங்கக் கூடாது!"

சொல்லி முடித்த பிறகுதான், சபை முழுவதும் தன்னையே பார்ப்பதை வீரகேசரி கவனித்தார்.

ராஜா எழுந்தார். "எழுத்தரே, அவர் சொன்னதை அப்படியே எழுதும். சாணியை விட்டுவிடாதேயும். இன்று முதல் அதுதான் சட்டம். கொடிக்காலும் அதில் வந்த லாபமும் பறிமுதல்!"

"குதிரை?" என்று முனகினார் வீரகேசரி.

"அதை வாங்கியதே அரண்மனை லாயம்தான்" என்றார் மந்திரி. "அங்கே கொள்ளு தின்றுகொண்டிருக்கிறது. நீர் ஓட்டிப்போகலாம்."

வீரகேசரியின் பதவி போயிற்று. தினமும் விடியலில் மணி அடிக்கும் வேலை கிடைத்தது.

கொடிக்காலை விற்றுப் புது மணி வார்த்தார்கள். முதல் விடியலில் ராஜா முன்பே விழித்து, போர்வைக்குள் காத்திருந்தார். கட்டிலருகே மந்திரி நின்றார். மணி அடித்தது. கொஞ்சம் கரகரத்தது.

"அதே சத்தம் இல்லை, திருமேனி."

"இல்லைதான், மகாராஜா. அம்மாவின் விளக்கு இப்போது எந்த வீட்டில் குடமாக இருக்கிறதோ! தேடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். விஷயம் தெரியாமல் வாங்கியவர்கள். அம்மா அவர்கள் வீட்டில் தண்ணீர் சுமக்கட்டும்." ராஜா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "வீரகேசரியை இன்னொரு முறை அடிக்கச் சொல்லும். அம்மா ஒருதரம் கூப்பிட்டு நான் என்றைக்கு எழுந்திருக்கிறேன்?"