கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு

நாசிக்கில் எங்கள் மெஸ் மாஸ்டர் சொன்ன கதை இது. பல வருடம் நான் இதை நம்பவில்லை. ஊர்ப்பக்கமே போகாத சமையல்காரர், சங்கரன்கோவிலில் ஒரு நைட்டிக் கடைக்குள் இரண்டு பெண்கள் பேசியதை வரி பிசகாமல் சொன்னால் யார் நம்புவார்கள்? எதையும் சந்தேகப்படும் என் புத்தி எனக்கே பிடிக்காது. ஆனாலும் விடவில்லை.

கடை ரெஜினாவுடையது. நைட்டிகளை விரித்துக் காட்டி, அரை நிமிட வீடியோ போட்டே வியாபாரத்தை வளர்த்தவள். வயது முப்பதுகூட இல்லை. அன்று அவளைத் தேடி வந்த செண்பகவல்லிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் போனை இரண்டு கையாலும் நீட்டி, "குருவே, இந்த வித்தையை எனக்கும் சொல்லிக் குடு" என்றாள்.

"எதுக்குக்கா? ஊறுகாய் விக்கவா?"

"தம்பியக் கூப்பிடணும்."

ரெஜினா சிரிப்பை நிறுத்தினாள். அந்த விஷயம் ஊருக்கே தெரியும். அம்மா செத்த அன்று தம்பி பிந்தி வந்தான். அதற்குள் பாடை எடுத்தாகிவிட்டது. அத்தனை சனத்துக்கு முன்னால், "இப்ப எதுக்குல வந்த?" என்று செண்பகவல்லி அவனை வாசலிலேயே மறித்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனவன்தான். நம்பர் இல்லை, விலாசம் இல்லை. வடக்கே எங்கோ இருக்கிறான், ஓய்ந்த நேரமெல்லாம் போனும் கையுமாகக் கிடக்கிறான் என்று ஒரு லாரிக்காரர் சொன்னது மட்டும்தான் மிச்சம்.

"எத்தன பேர் பாத்தா அவன் கண்ணுல படும், பிள்ள?"

ரெஜினா போனை எதிரே நிறுத்தினாள். "பேசுங்க."

செண்பகவல்லி திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். முடியை ஒதுக்கினாள். "வணக்கம் நண்பர்களே..."

"உங்க தம்பி எப்பக்கா நண்பர்களே ஆனாரு?"

"எல்லாரும் அப்படித்தான சொல்லுதாவ."

மறுபடி எடுத்தார்கள். சங்கிலி வெளியே தெரியவில்லை என்று செண்பகவல்லி நிறுத்தினாள். மறுபடி எடுத்தார்கள். கண் கீழே, திரையிலிருந்த தன் முகத்துக்கே போனது.

"எங்க மாமியா மாதிரி இருக்கேன். எனக்கு வேண்டாம்ப்பா."

ரெஜினா எழுந்து வந்தாள். செண்பகவல்லியின் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைப் பிய்த்து, போனின் பின்பக்கம், கேமராக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். திரை தன் பக்கம் இருக்கும்படி போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"என் மூஞ்சியக் காணோமே!"

"அது எதுக்கு? பொட்டப் பாருங்க. உங்க தம்பி அங்கதான் நிக்காரு."

"நெத்தி மொட்டையால்லா இருக்கும்?"

"உங்களுக்குத்தான் தெரியாதே."

செண்பகவல்லி அந்தப் பொட்டையே பார்த்தாள்.

"ஏல பூவு. அன்னைக்கு ஒன்ன மறிச்சிருக்கக் கூடாது. அம்மா எந்திரிச்சு வந்திருந்தா என்னத்தான் வெளிய தள்ளியிருப்பா. வால."

ரெஜினா பதிவை நிறுத்தினாள்.

"கீழ என் பேரு போடணுமா?"

"ஊர் பேரப் போடுங்க. ஊர விட்டுப் போனவுக அதத்தான் தேடுவாக. முன்னால எடுத்ததையெல்லாம் அழிச்சிருங்க."

கலங்கிய கண்ணோடு செண்பகவல்லி எதையோ அழுத்தினாள். அத்தனையும் ஏறிவிட்டது.

"அழிக்கச் சொன்னதையும் ஏத்திட்டீகளேக்கா!"

"எடுத்துரு பிள்ள, மானம் போவுது."

"கிடக்கட்டும்."

மறுநாள் கடை திறந்ததும் வந்து நின்றாள். "ஒரே ஒருத்தர்தான் பாத்திருக்காவ. அது அவனா?"

"தெரியாது."

"வேற யாரோவா இருந்தா?"

ரெஜினா நைட்டியை மடித்துக்கொண்டே கேட்டாள். "பொட்டு இன்னும் ஒட்டியிருக்கா?"

"இருக்கு."

"அப்ப இன்னைக்கும் பேசுங்க."

செண்பகவல்லி மறுபேச்சுப் பேசாமல் போனை நிமிர்த்தி வைத்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. காய்ச்சலிலும் பேசினாள். முருங்கை முறிந்ததைச் சொன்னாள், வாசலுக்கு வெள்ளையடித்ததைச் சொன்னாள். எதையும் வெட்டிச் சுருக்க மட்டும் அவளுக்கு இன்றும் வரவில்லை. முன்னும் பின்னும் பேசுகிற வெட்டிப் பேச்சும் சேர்ந்தே ஏறிவிடுகிறது.

போன வாரம் மெஸ்ஸுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். மாவு டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து, மாஸ்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். திரையில் பொட்டில்லாத ஒரு நெற்றி. "பொட்டப் பாருங்க. உங்க தம்பி அங்கதான் நிக்காரு" என்றது ஒரு பெண் குரல்.

இத்தனை வருடத்தில் நான் அவர் பெயரைக் கேட்டதே இல்லை.

அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பூவு, அக்கா வீடியோவுக்குக் கீழ இன்னுமா நீங்க ஒரு வார்த்தை எழுதலை?"