ஆமை காட்ட வந்த ததேயு

இருபது வருசமா டூரிஸ்ட் பஸ்ல மைக் பிடிச்சு, "லெஃப்ட்ல பாருங்க, ரைட்ல பாருங்க"ன்னு கத்துன வாய் ததேயுவுக்கு. பஸ் கம்பெனியை மூடிட்டாங்க. வாயை மூட யாரும் வரல்ல.

அதே வாயோட, குமரிப் பக்கம் பாறைக் கடல்ல கயாக் படகு விடுற பிலோமிகிட்ட தொழில் படிக்க வந்து ஆறு மாசம். அவருக்கு அம்பத்திரண்டு, அவளுக்கு இருபத்தெட்டு. ஆனாலும் "ஆசானே"ன்னுதான் கூப்பிடுவாரு. அவ சிப்பி எடுக்க முங்கி முங்கி வளந்தவ. எந்தப் பாறை இடுக்குல என்ன கிடக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவா.

துடுப்பு போடப் படிச்சாச்சு. அலை பாத்து பாறைக்கு ஊடால நுழையப் படிச்சாச்சு. மீன் பேரெல்லாம் மனப்பாடம். பிலோமி கழுத்துல தொங்குற ஆரஞ்சு விசில் மாதிரி ஒண்ணு மட்டும் இன்னும் கிடைக்கல்ல. அது இருந்தாத்தான் தனியா ஆள் கூட்டிட்டுப் போகலாம்.

"எனக்கு இன்னும் என்ன பாக்கி, ஆசானே?"

"இன்னைக்கு வந்திருக்கிற ஆறு பேருக்கும் ஒரு ஆமையைக் காட்டுங்கண்ணே. நாளைக்கு விசில் உங்க கழுத்துல."

"இவ்வளவுதானா? ஆமையப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவேனே."

பிலோமி சிரிச்சா.

கயாக் கிளம்புச்சு. முன்னால ததேயு. ஸ்டார்ட் ஆகாத வள்ளத்து மோட்டார் எப்படி இருமும், மீன் ஏலக்காரி பேரம் பேசுனவனை எப்படி ஏசுவா, மூக்குல உப்புத்தண்ணி ஏறுன போலீஸ்காரர் எப்படித் தும்முவாரு, எல்லாம் செஞ்சு காட்டுனாரு. திருச்சிலருந்து வந்த ஒரு அம்மா சிரிச்ச சிரிப்புல துடுப்பைக் கைவிட்டுட்டாங்க. அதை எட்டி எடுக்கப் போன வீட்டுக்காரர் தலைகுப்புற விழுந்தாரு. லைஃப் ஜாக்கெட் புண்ணியத்துல மிதந்துக்கிட்டே அவரும் சிரிச்சாரு.

பாறை வளைச்சு நின்ன ஒரு இடத்துல, தண்ணி ஆடாம அசையாம கிடந்துச்சு. கயாக்கை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுட்டு, கண்ணாடியை மாட்டி, மூச்சுக் குழாயைக் கடிச்சுக்கிட்டு எல்லாரும் தண்ணில குப்புறக் கிடந்தாங்க.

ததேயு குழாய்க்குள்ளயே பேசுனாரு. "பூ. பூபூ. பூ."

ஒருத்தருக்கும் விளங்கல்ல. குழாயைத் துப்பிட்டுத் தலையைத் தூக்குனாரு. என்னமோ ஏதோன்னு ஆறு தலையும் கூடவே நிமிந்துச்சு.

"கேளுங்க. ஆமை லேசுப்பட்ட ஆளு இல்ல. மூச்சு வாங்க மேல வரும்போது பாக்கணும், மூணு மாடி ஏறி வந்த பெரிய மனுசன் தோத்தாரு."

கன்னத்தை உப்பி, கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, "ஃபூஹ்"ன்னு விட்டாரு. அசல் ஆமை. ஆறு பேரும் தண்ணியத் தட்டிச் சிரிச்சாங்க.

பிலோமி மட்டும்தான் குப்புறக் கிடந்தா. நிமிந்து, குழாயை எடுத்தா.

"போயாச்சு."

"என்ன போச்சு?"

"ஆமை. உங்க காலுக்குக் கீழதான் போச்சு. வண்டிச் சக்கரம் தண்டி இருக்கும்."

ஆறு பேரும் அடிச்சுப் பிடிச்சு முகத்தைத் தண்ணில வச்சாங்க. வெறும் பாசி ஆடிக்கிட்டு கிடந்துச்சு.

ததேயுவுக்கு முகம் சுண்டிப் போச்சு. நீந்தி பிலோமி பக்கத்துல வந்தாரு. மோட்டார் குரலும் இல்ல, ஏலக்காரி குரலும் இல்ல. அவரோட சொந்தக் குரல்ல, மகளைக் கூப்பிடுற மாதிரி அவகிட்ட மட்டும் மெதுவா கேட்டாரு.

"மக்களே, ஒரு உண்மைய சொல்லட்டா. ஆறு மாசமா வாரேன், ஒரு ஆமையக்கூட நான் பாத்ததில்ல. நீ செஞ்சு காட்டுனதைப் பாத்துத்தான் நான் செஞ்சு காட்டுதேன். உன் கண்ணுல மட்டும் எப்படி தினமும் படுது?"

"அது உங்களையும் பாக்கத்தாண்ணே தினமும் வருது. நீங்க பேசி முடிக்கட்டும்னு கீழ கொஞ்ச நேரம் நிக்கும். பெறவு அதுக்கும் வேலை இருக்குல்லா."

ததேயு பதில் சொல்ல வாயைத் திறந்தாரு. திறந்த வாயில குழாயை வச்சுக்கிட்டு, அப்படியே குப்புறக் கிடந்தாரு.

ரொம்ப நேரம் கழிச்சு அவரோட ஒரு கை மட்டும் தண்ணிக்கு மேல வந்து, ஆறு பேரையும் வா வான்னு கூப்பிட்டுச்சு. குழாய்லருந்து ஒரு "பூ" கூட வரல்ல.