கூகை கக்கிய உருண்டை

ஒரு காடு முடிந்து, கொன்றையூரின் நெல்வயல்கள் தொடங்கும் இடத்தில் ஓடு வேய்ந்த ஒரு வீடு இருந்தது. அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் அங்கே வைத்து, மருந்திட்டு, இரை கொடுத்துக் காப்பாற்றினார்கள். சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள் அங்கு வருவார்கள். எந்த மரத்தில் யார் குடியிருக்கிறார்கள், எது எதைத் தின்கிறது என்றெல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அதனால் ஊரார் அந்த வீட்டைக் காட்டுப் பள்ளி என்று அழைத்தார்கள்.

அங்கே ஒரு கிளி இருந்தது. முன்பு அதை வளர்த்தவர்கள் சிறகை வெட்டிவிட்டதால் அதனால் பறக்க முடியாது. ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

"இந்தப் பள்ளியே என் ஒருத்தனால்தான் நடக்கிறது" என்று அது எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும்.

பக்கத்து வலைக்கூண்டில் ஒரு பெண் கூகை இருந்தது. கூகை ஆந்தை இனத்தைச் சேர்ந்த பறவை. அதன் வெள்ளை முகம் வெற்றிலை வடிவில் இருக்கும். வாய்க்கால் கரை முள்கம்பி வேலியில் மாட்டிச் சிறகு கிழிந்து கிடந்ததை யாரோ தூக்கிவந்து சேர்த்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டது. பறக்கும் வலு மட்டும் திரும்பவில்லை.

கூகைக்குக் கூச்சம் அதிகம். பிள்ளைகள் வந்தால் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளும் அதன் பக்கம் போகமாட்டார்கள். "ஐயோ, ஆந்தை! அது மூஞ்சில முழிக்காத!" என்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

வாய்க்கால் கரையில் நின்ற இலுப்பை மரத்துப் பொந்தில் கூகையின் நான்கு குஞ்சுகள் இருந்தன. ஆண் கூகை தனியாக இரை தேடி அவற்றை வளர்த்தது. அங்கே நடப்பதை அணில்தான் தினமும் வந்து சொல்லும்.

"அக்கா, இன்றைக்குப் பெரியது இறக்கையை விரித்துப் பார்த்தது."

"விழுந்துவிடவில்லையே?"

"இல்லை, இல்லை. பொந்தின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது."

"சின்னது சாப்பிடுகிறதா?"

"சின்னதுதான் எல்லோர் பங்கையும் பிடுங்கித் தின்கிறது!"

அதைக் கேட்ட பிறகுதான் கூகை தன் இரையைத் தொடும்.

ஒரு சனிக்கிழமை காலை அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அக்கா, நாளைக்கு இலுப்பை மரத்தை வெட்டப்போகிறார்கள்! மருதமுத்துவின் கன்றுக்குட்டி செத்துப்போய்விட்டது. மரத்தில் ஆந்தை அலறியதால்தான் செத்தது என்று ஊரே பேசுகிறது. கோடாலியைக்கூடத் தீட்டி வைத்துவிட்டார்கள்!"

கூகை வலையருகே ஓடிவந்தது. "குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாதே. பத்து நாளாவது வேண்டுமே."

கிளி கழுத்தை நிமிர்த்தியது. "இதற்குப் போயா கலங்குகிறாய்? நான் எதற்கு இருக்கிறேன்? பிள்ளைகள் வரட்டும். ஒரு வார்த்தை சொல்கிறேன், பார்."

பிள்ளைகள் வந்தார்கள். "ஆந்தை நல்லது! ஆந்தை நல்லது!" என்று கத்தியது கிளி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை சொல்லு!" என்றான் ஒருவன். கிளிக்கு ஒரே குஷி. இருபது தடவை சொன்னது. "பாட்டுப் பாடு!" என்றார்கள். பாடியது. கைதட்டலைக் கேட்டதும் அதற்கு மரமும் மறந்தது, குஞ்சுகளும் மறந்தன.

ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மருதமுத்துவின் மகள் செவந்தி. செத்துப்போன கன்று அவள் புல் ஊட்டி வளர்த்தது. அவள் கூகையின் கூண்டருகே வந்து நின்றாள்.

"உன் கூட்டம்தானே என் கன்னுக்குட்டிய சாகடிச்சுது?" என்றாள். கண்ணீர் வழிந்தது.

கூகை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

'எனக்கு மனிதர்களின் பேச்சு வராது. ஆனால் நான் எதைத் தின்று வாழ்கிறேன் என்று இந்தக் குழந்தைக்குக் காட்ட முடியும்' என்று நினைத்தது.

கூகை இரையை முழுதாக விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் வயிற்றில் உருண்டையாகத் திரளும். அதைப் பிறகு கக்கிவிடும். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மூலையில் போய்த்தான் எப்போதும் கக்கும். அன்று மெல்ல நடந்து வலைக்கு அருகிலேயே வந்தது. வலைக்கண் வழியாக அலகை வெளியே நீட்டியது. செவந்தியின் காலடியில் கறுப்பாக ஓர் உருண்டை விழுந்தது.

"சீச்சீ! இத்தனை பேர் முன்னாலா? மானம் போகிறது!" என்று கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிள்ளைகளை அழைத்துவந்த எழிலரசி டீச்சர் ஒரு தட்டும் இடுக்கியும் கொண்டுவந்தார். "பயப்படாத செவந்தி. கையுறை போட்டுக்கிட்டு மெதுவாப் பிரிச்சுப் பாரு."

செவந்தி பிரித்தாள். மயிருக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"டீச்சர், பல்லு! இது எலி மண்டை! இதோ இன்னொண்ணு... மூணு எலி!"

"இங்க பொறி வெச்சுப் பிடிச்ச எலிதான். அதத்தான் இதுக்குக் குடுக்கிறாங்க."

செவந்தி சற்று யோசித்தாள். "அப்ப இலுப்ப மரத்துல இருக்கிறது எதத் திங்குது?"

"நான் சொல்றத விட, போய்ப் பாத்துட்டு வந்து நீயே எனக்குச் சொல்லேன்" என்றார் டீச்சர்.

செவந்தி வாய்க்கால் கரைக்கு ஓடினாள். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். மரத்தடியில் சருகோடு சருகாக எத்தனையோ உருண்டைகள் கிடந்தன. செவந்தி வயலிலிருந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"வேல கெடக்குதும்மா" என்று சலித்துக்கொண்டே வந்த மருதமுத்து, குச்சியால் ஓர் உருண்டையைக் கிளறினார். இரண்டு எலி மண்டைகள். அடுத்ததில் நான்கு. தன் வயலில் நெற்கதிரை வெட்டிச் சாய்க்கும் அதே எலிகள். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, ஆந்தை கன்னுக்குட்டியெல்லாம் திங்காதுப்பா."

"கன்னுக்கு மூணு நாளாக் கழிச்சல் தாயி. டாக்டரக் கூப்பிடாம விட்டது நான்தான்" என்றார் மருதமுத்து.

தலைக்கு மேலே பொந்திலிருந்து ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. அதன் தோளுக்கு மேலே இன்னொன்று.

"இதுங்களோட அம்மா காட்டுப் பள்ளியில இருக்குன்னு டீச்சர் சொன்னாங்கப்பா. பறக்க முடியாதாம்" என்றாள் செவந்தி.

மறுநாள் கோடாலியோடு வந்தவர்களை மருதமுத்துதான் மறித்து நின்றார். ஒவ்வோர் உருண்டையாகப் பிரித்துக் காட்டினார். வந்தவர்கள் குனிந்து எலி மண்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பதினைந்து நாட்கள் சென்றன. ஒரு மாலை, விளக்கு ஏற்றும் நேரத்தில், ஆண் கூகை முன்னால் பறந்து வந்தது. அதன் பின்னே நான்கு குஞ்சுகள் தட்டுத் தடுமாறிப் பறந்துவந்து வலைக்கூண்டின் மேல் இறங்கின.

தாய்க்கூகை அலகாலும் நகங்களாலும் வலையைப் பற்றிப் பற்றி மேலே ஏறியது. சின்னக்குஞ்சு குனிந்து, வலைக்கண் வழியாக அலகை விட்டு, தாயின் நெற்றி இறகைக் கோதிவிட்டது.

நீதி: எந்த உயிரைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதை முதலில் அருகே சென்று அறிந்துகொள்ள வேண்டும்.