எட்டும் ஒன்பதும் இல்லாத ராஜ்யம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகாவிட்டால் குடிகளுக்குத் தூக்கம் போய்விடும் என்றிருந்த ஒரு தேசத்தில், மகரத்வஜன் என்றொரு மகாராஜா இருந்தார். நல்லவர்தான். சண்டைக்குப் போக மாட்டார், வரியை ஏற்ற மாட்டார். ஆனால் காலையில் கண் விழித்ததும் அவருக்கு ஏதாவது ஒரு யோசனை தோன்றும். மாலைக்குள் அது சட்டமாகிவிடும். அந்தச் சட்டத்தைக் கட்டி இழுக்கிற வேலை மட்டும் எப்போதும் ஒரே ஆளின் தலையில் விழும். அவன்தான் ஆஸ்தான விகடகவி வெண்காடன்.

"ராஜாவைச் சிரிக்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம். இப்போது ராஜ்யமே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது" என்று அவன் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது.

ஒரு மாதம், அஷ்டமியன்று மகாராஜா எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில் வழுக்கி விழுந்தார். மறுநாள் நவமி. அன்று சதுரங்கத்தில் மகாராணியிடம் தோற்றார். முதலாவது இடுப்பில் வலித்தது. இரண்டாவது எங்கே வலித்தது என்று அவரால் வெளியில் சொல்ல முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள் சபை கூடியது. ஆஸ்தான ஜோசியர் பஞ்சாட்சரம் வழக்கம்போல அட்சதை தூவி, "மகாராஜா நூறாண்டு வாழ்க!" என்று வாழ்த்தினார். அவர் தினமும் செய்கிற ஒரே உருப்படியான வேலை அதுதான். வாழ்த்திவிட்டு, ராஜாவின் முகவாட்டத்தைப் பார்த்தார்.

"பிரபு, அஷ்டமி எட்டாம் திதி. நவமி ஒன்பதாம் திதி. குற்றம் திதிகளுடையது அன்று, அந்த இரண்டு எண்களுடையது. தங்கள் ஜாதகத்துக்கு எட்டும் ஒன்பதும் பரம விரோதிகள்."

மகாராஜாவின் முகம் மலர்ந்தது. சதுரங்கத்தில் தோற்றது தன் ஆட்டத்தால் அல்ல என்று சொல்ல ஒரு சாஸ்திரம் கிடைத்துவிட்டதே!

"அப்படியானால் அந்த இரண்டு எண்களையும் நாடு கடத்துங்கள்!" என்றார்.

வெண்காடனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மகாராஜா, கண்ணன் பிறந்தது அஷ்டமி. ராமன் பிறந்தது நவமி. அவர்களையும் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரட்டுமா?"

சபை சிரித்தது. மகாராஜா சிரிக்கவில்லை. ஜோசியர் காத்திருந்தது இதற்குத்தான். போன தீபாவளிக்கு ராஜா விகடகவியின் ஆசனத்தைத் தூக்கி ஜோசியரின் ஆசனத்துக்கு முன்னால் போடச் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு செரிக்கவில்லை.

"பிரபு, இவ்வளவு கேட்கத் தெரிந்த வெண்காடரே இந்தக் காரியத்தையும் செய்து முடிக்கட்டும். எட்டும் ஒன்பதும் ஒருவர் வாயிலும் வரக் கூடாது. அதற்காகக் குடிகள் பொருளில் ஒரு குன்றிமணிகூட எண்ணிக்கை தப்பக் கூடாது. பௌர்ணமிக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டாலோ, அதற்குப் பிறகு அவர் வாயிலேயே அந்த எண் வந்துவிட்டாலோ..." என்று சொல்லிக்கொண்டே ஜோசியர் தன் கழுத்தை மெதுவாகத் தடவினார்.

"தலை!" என்று மகாராஜா உற்சாகமாக முடித்து வைத்தார்.

வெண்காடன் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தலைக்கே உத்தரவாதம் இல்லாதபோது தலைப்பாகை எதற்கு? உள்ளே அவன் மனைவி தையல்நாயகி, ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்லி, ஆழாக்கால் படியில் அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

"தையலு, கேட்டியா கூத்தை? எட்டு மாடு வச்சிருக்கிறவன்கிட்ட நான் என்ன செய்வேன்? ஒண்ணைப் பிடுங்கி ஏழாக்கவா? இல்லே, ரெண்டு மாட்டை நானே பெத்துக் கொடுத்துப் பத்தாக்கவா?"

"சத்தம் போடாதீங்க, கணக்கு தப்புது. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, ஒரு படி. லாபம், ரெண்டு..."

வெண்காடன் சட்டென்று நிமிர்ந்தான்.

"ஏழுக்கு அப்புறம் என்ன சொன்னே?"

"ஒரு படின்னேன்."

"எட்டுன்னு சொல்லலையே?"

"அந்த ஆழாக்கு விழுந்ததும்தான் படி நிறைஞ்சுடுதே! நிறைஞ்ச படியைப் படின்னு சொல்லாம எட்டு ஆழாக்குன்னு யாராச்சும் சொல்வாங்களா?"

"சரி, ஏழு படிக்கு அப்புறம்?"

"ஒரு மரக்கால். ஏன், உங்களுக்குச் சித்தம் கித்தம் கலங்கிடுச்சா? இந்த ராஜாவை விட்டா வேற ராஜாவே கிடைக்கலையா உங்களுக்கு?"

மறுநாள் ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆழாக்கு நிறைந்து படியாவதுபோல, இனி ஏழுக்கு அடுத்தது பத்து! பதினேழுக்கு அடுத்தது இருபது! ஏழு படிக்கு மேல் ஒன்று போட்டால் மரக்கால் ஆவதுபோல, எழுபத்தேழுக்கு அடுத்தது நூறு! இருக்கிற பொருள் இருக்கிறபடியே இருக்கும். பெயர்தான் மாறும்!"

எட்டு மாட்டுக்காரன் அன்றைக்கே பத்து மாட்டுக்காரன் ஆனான். ஒரு மாடும் கூடவில்லை, ஒரு மாடும் குறையவில்லை. மகாராஜாவின் கொட்டிலில் இருந்த எட்டு யானைகளும் பத்து யானைகள் ஆயின. "செலவே இல்லாமல் இரண்டு யானை!" என்று ராஜா கையைத் தட்டினார்.

வெண்காடனுக்குத்தான் நிம்மதி போயிற்று. விடிந்தால் வாசலில் கூட்டம். சிவன் கோயில் குருக்கள் ஓடி வந்தார்.

"வெண்காடரே, மோசம் போயிட்டேன்! நேத்து வரைக்கும் நவக்கிரகம் ஒழுங்கா உட்கார்ந்திருந்தது. இன்னைக்கு எண்ணினா பதினொண்ணு வருது! புதுசா வந்த ரெண்டு பேருக்கு என்ன வஸ்திரம் சாத்துறது?"

"யாரும் புதுசா வரலை சாமி. அவங்களை எண்ணாதீங்க. விளக்கை ஏத்திட்டுப் பேசாம வீட்டுக்குப் போங்க."

அவர் நகர்வதற்குள் ஓர் அம்மாள். "ஐயா, என் மருமகளுக்குப் பத்து மாசம் நிறைஞ்சுடுச்சு. இன்னும் வலியே காணோமே!"

"அம்மா தாயே, வயித்துல இருக்கிற பிள்ளைக்குத் தண்டோரா கேட்டிருக்காது. அது பழைய கணக்குலதான் வரும். போய் மருமகளை நிம்மதியாத் தூங்க விடுங்க."

இப்படிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. ஆனாலும் பௌர்ணமிக்குள் காரியம் முடிந்தது. ஊரில் ஒரு தேங்காய்கூடக் கணக்கில் தொலையவில்லை. எட்டு என்ற சொல்லையும் யாரும் கேட்கவில்லை. வெண்காடன் சபையில் வந்து நின்றான். ராஜா பாராட்டக் கையைத் தூக்கினார்.

அதற்குள் ஜோசியர் எழுந்துவிட்டார்.

"பிரபு! நாளை தங்கள் ஜன்ம நட்சத்திரம். தங்கள் வயதைச் சபையறியக் கூறுவது மரபல்லவா? இவ்வளவு கணக்கறிந்த வெண்காடரே இவ்வாண்டு அந்தப் பேற்றைப் பெறட்டும்."

சபையில் பலர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். மகாராஜாவுக்கு நாளையோடு நாற்பத்தெட்டு நிறைகிறது. அதை அப்படியே சொன்னால் ஆணையை மீறிய குற்றம். தலை போகும். புதுக் கணக்கில் சொன்னால், ஆறு எட்டும் ஆறு பத்தாகி, அறுபது. மீசைக்குத் தினமும் மை பூசுகிற ராஜாவிடம் போய், நிறைந்த சபையில், "உமக்கு வயது அறுபது" என்று யார் சொல்வது? மாட்டைக் கூட்டினால் சிரிப்பார், யானையைக் கூட்டினால் கை தட்டுவார். வயதைக் கூட்டினால்?

"நல்ல யோசனை!" என்றார் மகாராஜா. அவர் எந்தக் காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்?

மறுநாள் காலையில் வெண்காடன் சமையலறைக்குள் நுழைந்து ஆழாக்கு, படி, மரக்கால் மூன்றையும் தூக்கிக்கொண்டான். ஒரு மூட்டை அரிசியையும் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஐயோ, எங்கே கொண்டுபோறீங்க? நான் எதால அளந்து உலை வைக்கிறது?"

"சாயங்காலம் தலை இருந்தாச் சாப்பிடுவோம் தையலு. இல்லைன்னா உனக்கு ஒரு ஆள் சோறு மிச்சம்."

"நல்லா இருக்கு பேச்சு! தலை வருதோ இல்லையோ, என் மரக்கால் வந்து சேரணும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

சபை நிறைந்திருந்தது. மகாராணியும் வந்து அமர்ந்திருந்தார். ஜோசியர் என்றுமில்லாத உற்சாகத்தோடு அட்சதை தூவினார். "மகாராஜா நூறாண்டு வாழ்க!" சபையும் சேர்ந்து முழங்கியது.

வெண்காடன் மூட்டையை இறக்கினான்.

"இதென்ன? வயதைச் சொல்லச் சொன்னால் சமைக்க வந்துவிட்டாயா?" என்றார் ராஜா.

"வாயால் சொன்னால் தவறும், மகாராஜா. அளந்தே சொல்லிவிடுகிறேன். ஆழாக்குக்கு ஒரு வயது."

அளந்தான். லாபம், இரண்டு, மூன்று என்று போய், ஏழு, பத்து என்றதும் படி நிறைந்தது. அதை மரக்காலில் கொட்டினான். மறுபடி அளந்தான், மறுபடி கொட்டினான். ஆறாவது படியைக் கொட்டிவிட்டுக் கையை உதறினான்.

"படிக்குப் பத்து. ஆறு படி. இன்று மகாராஜாவுக்குப் பிராயம் அறுபது!"

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது.

"அறுபதா? எனக்கா?"

"அறுபதென்றால் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டுமே!" என்று மகாராணி எழுந்தார். அடுத்த கணமே ஒரு சந்தேகம் வந்தது. "இரு வெண்காடா. அப்படியானால் எனக்கு?"

"தாயே, தங்களுக்கு ஐந்து படி."

ராணி விரலை மடக்கிப் பார்த்தார். நேற்றுவரை நாற்பது. இன்றைக்கு ஐம்பது! அவர் வெண்காடனைப் பார்க்கவில்லை. ராஜாவைத்தான் பார்த்தார். சதுரங்கத்தில் கடைசிக் காயை நகர்த்தும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"வெண்காடா!" ராஜா உறுமினார். "உன் தலையை..."

"தாமதம் வேண்டாம், பிரபு!" என்றார் ஜோசியர்.

வெண்காடனுக்கு உண்மையிலேயே அலுத்துப்போயிருந்தது. "எடுப்பதானால் எடுத்துவிடுங்கள், மகாராஜா. எனக்கும் ஓய்வு கிடைக்கும். அதற்கு முன்னால் இந்த மரக்காலில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று மட்டும் எட்டிப் பார்த்துவிடுங்கள்."

"எதற்காகப் பார்க்க வேண்டும்?"

"மரக்கால் நிறைந்தால் நூறு. தாங்கள் போட்ட ஆணை. தினமும் காலையில் ஜோசியர் தங்களுக்கு அளந்து கொடுக்கிற ஆயுளும் அதே நூறுதான்."

மகாராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். குனிந்தார். மரக்காலில் முக்கால் பங்குக்கு அரிசி நின்றது.

"இவ்வளவுதானா இடம்? இன்னும் இரண்டு படிகூடத் தாங்குமா?"

"சரியாக இரண்டு படிதான். அதற்கு மேல் ஒரு மணி போட்டாலும் கீழே கொட்டும்."

ராஜாவின் உதடுகள் அசைந்தன. வாழ்நாளில் முதன்முறையாக அவர் கணக்குப் போட்டார். முகம் வெளுத்தது.

"பழைய கணக்கில் பதினாறே வருஷம்! பழைய நூற்றில் எனக்குப் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததே! அது எங்கே? ஓய் ஜோசியரே, அது எங்கே?"

ஜோசியருக்கு வேர்த்தது. "பிரபு, அடியேன் வாழ்த்தியது பழைய நூறு! சத்தியமாகப் பழைய நூறு!"

"அப்படியா?" என்றான் வெண்காடன். "பழைய நூற்றுக்கு மகாராஜா எந்த வழியாகப் போவார்? எழுபத்தேழு வயது நிறைந்த மறுவருஷம் அவருக்கு எத்தனை வயது? ஜோசியரே சொல்லட்டும்."

"எழுபத்து..." என்று ஜோசியர் நிறுத்தினார். "எழுபத்து..."

"சொல்லும்!" என்று ராஜா அதட்டினார்.

"எழுபத்தெட்டு!" என்று அலறிவிட்டார் ஜோசியர்.

தண்டோராவுக்குப் பிறகு அந்தச் சபையில் அந்த எண் ஒலித்தது அதுதான் முதல் தடவை. காவலர்கள் வாளைத் தொட்டார்கள். ஆனால் மகாராஜா, காணாமல்போன பிள்ளையைக் கண்டவர்போல இரண்டு கையையும் விரித்தார்.

"ஆகா! இன்னொரு தடவை சொல்லும்! எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது, தொண்ணூறு! எல்லாம் எனக்கு வேண்டும். ஒன்றைக்கூட விட மாட்டேன். ஆணை ரத்து! இந்த நிமிஷமே ரத்து! தேவி, எனக்கு நாற்பத்தெட்டு, உனக்கு நாற்பது!"

"நாற்பதுகூட நிறையவில்லை" என்றார் ராணி. அதைத் திருத்த யாருக்கும் துணிவில்லை.

அப்போதுதான் மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. மரக்காலைப் பார்த்துச் சிரித்தார், ஜோசியரைப் பார்த்துச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜோசியருக்கு ஒரு சிறு பரிகாரம் விதித்தார். நவக்கிரகத்தை எண்பத்தொன்பது சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் ஊர் கேட்க உரக்க எண்ண வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து.

"வெண்காடா, உனக்குப் பொன்னால் ஒரு மரக்கால் செய்து தரச் சொல்கிறேன். அது போதாது. வேறென்ன வேண்டும், கேள்!"

"கேட்டால் கோபிக்கக் கூடாது."

"கோபிக்க மாட்டேன்."

"எட்டு நாளைக்கு மகாராஜாவுக்குப் புதிதாக எந்த யோசனையும் தோன்றாமல் இருக்க வேண்டும்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எட்டு எதற்கு? போ, ஒன்பதாகவே வைத்துக்கொள்!"

வெண்காடன் தலையோடும் தலைப்பாகையோடும் வீடு வந்து சேர்ந்தான். தையல்நாயகி அவனை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தலை இருக்கு, சரி. என் மரக்கால் எங்கே?"

"ராஜா அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு தையலு. நமக்குப் பொன்னால ஒண்ணு வருது."

"பொன் மரக்காலா? அதை வச்சுக்கிட்டு நான் அரிசி அளக்கவா, இல்லே ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுத் திருடனை எண்ணவா? போங்க, பக்கத்து வீட்டுல போய் ஒரு மரக்கால் வாங்கிட்டு வாங்க. உலை கொதிக்குது!"