விறைப்பாக இழுத்த வெள்ளி இழை

"ஏம்மா ஜெசிந்தா, மூணாவது தடவையும் அறுந்துபோச்சே! நான் என்னதான் செய்யட்டும்?"

கேட்டவர் டாக்டர் செங்கோடன். ஐம்பத்துநாலு வயது. செயற்கைக்கோளின் சூரியத் தகடு முழுக்க அவர் பொறுப்பு.

ஜெசிந்தா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். தகட்டில் இழைகளைப் பற்றவைப்பவள். அவளிடம் போய்க் கேட்பதா என்று நாலு நாள் மருகினார் மனுஷன். ஆனால் மாசக் கடைசிக்குள் தகடு தேறாவிட்டால் எட்டு வருஷ உழைப்பு அம்போ. வேறு குழுவின் தகடுதான் மேலே போகும். வெட்கத்தை விட்டார்.

"எப்ப சார் அறுந்துச்சு?"

"ஒவ்வொரு சுத்துலயும் செயற்கைக்கோள் பூமியோட நிழலுக்குள்ள போகும்ல? அந்தக் கிரகணம் மாதிரியே சோதனைக் கூண்டுல விளக்கை அணைக்கிறோம். கொதிச்ச தகடு கொஞ்ச நேரத்துல உறையுது. ஒரு சூரியச் செல்லுல இருந்து அடுத்த செல்லுக்கு மின்சாரம் கொண்டுபோற வெள்ளி இழை பட்டுனு போயிடுது. இத்தனைக்கும் ஒரு சுருக்கம் இல்லாம விறைப்பா இழுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்!"

"பாக்க அழகாத்தான் சார் இருக்கு. கேன்டீனுக்கு வாங்க."

அங்கே பொட்டலம் கட்டும் நூலை எடுத்தாள். அவர் மணிக்கட்டை மேசைக்காலோடு விறைப்பாகக் கட்டினாள். காபியை முன்னால் வைத்தாள்.

"குடிங்க சார்."

கையைத் தூக்கினார். நூல் அறுந்தது.

மறுபடி கட்டினாள். இந்த முறை நூல் தொளதொளவென்று தொங்கியது.

"இப்ப குடிங்க."

டம்ளர் உதட்டுக்கு வந்தது. செங்கோடன் குடிக்கவில்லை.

"அட என் மரமண்டையே!" என்று எழுந்து ஓடினார். நூல் மறுபடியும் அறுந்தது.

அன்று மதியமே, குளிரில் சுருங்க இடம் இருக்கும்படி ஒவ்வொரு இழைக்கும் சின்ன வளைவு விட்டுப் பற்றவைத்தார்கள். பார்க்க லட்சணமாக இல்லை. கூண்டில் விளக்கு ஐந்நூறு முறை அணைந்து எரிந்தது. ஒரு இழைகூட அறுந்துபோகவில்லை.

நாலு மாதத்தில் செயற்கைக்கோள் மேலே போனது.

முதல் நிழல். கட்டுப்பாட்டு அறைத் திரையில் தகட்டின் மின்சாரம் பூஜ்யம். முப்பத்தைந்து நிமிஷம் அப்படியே கிடந்தது.

பிறகு மின்சாரத்தைக் காட்டும் கோடு எழுந்தது. முழுசாக எழுந்தது.

செங்கோடன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "ஜெயிச்சுட்டோம் ஜெசிந்தா! கிரகணத்தையே ஜெயிச்சுட்டோம்!"

"இன்னிக்கு மட்டும் இன்னும் பதினாலு கிரகணம் இருக்கு சார்."

"வரட்டும்மா!" என்று கத்தினார் அவர். "எல்லாம் வரட்டும்!"