செப்புத் தாம்பாளத்தில் கடல்

முன்னொரு காலத்தில் பொதியடி நாட்டை இரணவீரன் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் ஒரு யோசனை தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும், அவ்வளவுதான்.

ஒரு கோடையில் அவன் தன் நாட்டின் கடற்கரையான வெண்கரைக்குப் போனான். பகலெல்லாம் உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைத்தது. பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அரசனுக்கு உடம்பும் மனமும் லேசாகிவிட்டன. ஊர் திரும்பியதும், அந்தக் காற்று அரண்மனைக்கும் வரவேண்டும் என்று ஆணையிட்டான். பிரதானி ஆனையப்பர் கரைக்குப் போய்ப் பன்னிரண்டு தோல்பைகளில் காற்றை அடைத்து வண்டியில் கொண்டுவந்தார். சபையில் பைகளை அவிழ்த்தபோது வந்தது கருவாட்டு வாசனை மட்டுமே. அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து பிரதானிக்குக் கடற்கரை என்ற பேச்சே ஆகாது.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. சித்திரை முதல் வெள்ளியன்று நாட்டு மக்கள் எல்லோரும் கழுத்தளவு நீரில் நின்று மழை வேண்டவேண்டும் என்று அரசன் சொன்னான். ஏரி வற்றிய ஊர்களில் அண்டாவுக்குள் உட்கார்ந்து வேண்டினார்கள். வெண்கரையில் மட்டும், ஆவணிவரை மழை பெய்யக்கூடாது என்று அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். அவர்களுக்கு அது ஆண்டுதோறும் நடப்பதுதான். உப்பு விளைகிற மாதங்களில் ஒரு மழை பெய்தால் போதும், இரண்டு மாத உழைப்பு திரும்பவும் தண்ணீராகிவிடும். உப்பு இல்லையென்றால் வண்டிகள் மேட்டு ஊர்களுக்குப் போகாது, அங்கிருந்து நெல்லும் வராது.

செய்தி ஆனையப்பருக்கு எட்டியது. நாட்டு நெல்லைத் தின்றுவிட்டு நாட்டுக்கே வறட்சி கேட்கிறார்கள் என்று அவர் அரசனிடம் முறையிட்டார். அவர்களுடைய உப்பளங்களைப் பிடுங்கித் தன்னிடம் கொடுத்தால் அங்கே வேறு ஆட்களைக் குடியேற்றுவதாகவும் சொன்னார். அரசன் பாதி சம்மதித்துவிட்டான். இருந்தாலும் ஊர்த்தலைவியைக் கூப்பிட்டுக் கேட்போம் என்றான்.

வந்தவள் பெயர் மாடத்தி. உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்தவள். வண்டியில் மூன்று குடம் கடல்நீரும் கொண்டுவந்திருந்தாள்.

"என் ஆணை உங்கள் ஊருக்கு வரவில்லையா?" என்றான் அரசன்.

"வந்தது, மகாராசா. நாங்களும் மழைக்காகத்தான் வேண்டினோம்."

"பெய்யக்கூடாது என்றா?"

"எங்கள் கரையில் பெய்யக்கூடாது என்று. அது தண்ணீரை மேலே அனுப்புகிற இடம். அனுப்புகிற இடத்திலேயே பெய்துவிட்டால் உங்கள் வயலுக்கு எதை அனுப்புவது?"

சபை சிரித்தது. ஆனையப்பர், இவள் ஏணி வைத்து ஏறி மேகத்தில் குடம் கவிழ்க்கிறாளாம் என்றார். மாடத்தியும் கூடச் சிரித்தாள். பிறகு ஓர் அகன்ற செப்புத் தாம்பாளமும் ஐந்து நாள் வெயிலும் கேட்டாள். தாம்பாளத்தில் ஊற்றும் கடல்நீர் மேலே போகாவிட்டால் அளங்கள் பிரதானிக்கு என்றாள்.

"காவலுக்கு ஐயாவே இருக்கட்டும். வேறு ஆளை வைத்தால், நான் அவனைக் கைக்குள் போட்டுக்கொண்டேன் என்பார்."

"இருக்கிறேன். என் காவலில் ஒரு சொட்டு களவு போகாது, ஒழுகியும் போகாது. போனால் சிறைக்குப் போகிறேன்" என்றார் ஆனையப்பர். அரசன் அதைச் சட்டமாக்கினான்.

முற்றத்தில் தாம்பாளத்தை வைத்து ஒரு விரல் ஆழத்துக்கு நீர் ஊற்றினார்கள். பிரதானி குடைபிடித்துப் பக்கத்தில் அமர்ந்தார். காக்கையை விரட்டினார். தாகத்தோடு வந்த பூனையை விரட்டினார். நீர்மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்தார். மறுநாள் பார்த்தால் நீர் கோட்டுக்குக் கீழே இருந்தது. யாரும் பார்க்காதபோது கீழே இன்னொரு கோடு கிழித்தார். நான்காம் நாள் தாம்பாளத்தின் உள்பக்கம் நான்கு கோடுகள் இருந்தன. கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா என்றும் நினைத்தார். அரசன் நாழிகைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

ஐந்தாம் நாள் சபை கூடியது. தாம்பாளத்தின் அடியில் வெள்ளையாக உப்பு மட்டும் படிந்திருந்தது.

மாடத்தி மெதுவாகக் கேட்டாள். "ஐயா, என் தண்ணீர் எங்கே?"

ஆனையப்பர் மனதுக்குள் கணக்குப் போட்டார். திருட்டுப் போயிற்று என்றால் காவல் தவறியது, சிறை. ஒழுகிவிட்டது என்றாலும் சிறை.

"நீர் குடித்துவிட்டீரா?" என்றான் அரசன்.

"இல்லை, பிரபு."

"பிறகு?"

பிரதானி தாம்பாளத்துக் கோடுகளை ஒருமுறை எண்ணினார். "மேலே போய்விட்டது, பிரபு" என்றார்.

"இன்னும் ஒருமுறை சொல்லும். பின்வரிசைக்குக் கேட்கவில்லை."

மறுபடியும் சொன்னார். அரசனுக்கு உற்சாகம் பொங்கியது. அப்படியானால் நாட்டுக்குப் பெய்கிற மழையெல்லாம் உங்கள் அளத்திலிருந்து போவதா என்று மாடத்தியைக் கேட்டான்.

"கடல்தான் கொடுக்கிறது, மகாராசா. நாங்கள் பக்கத்தில் நின்று கொஞ்சம் அனுப்புகிறோம். அனுப்பியதுபோக அடியில் மிஞ்சுவதைச் சுரண்டிப் பிழைக்கிறோம்."

அளங்கள் வெண்கரைக்கே என்று அரசன் தீர்ப்புச் சொன்னான். எந்த ஊருக்கு எப்போது மழை வேண்டுமென்று அந்தந்த ஊரே சாமியிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்றான். அவளுக்கு ஒரு பொற்காப்பும் கொடுத்தான். வாங்கிப் போட்டுக்கொண்டு, வெயில் நன்றாக இருக்கிறது, ஊரில் வேலை கிடக்கிறது என்று அவள் கிளம்பினாள். போகிற போக்கில் தாம்பாளத்து உப்பை வழித்து ஆனையப்பர் கையில் வைத்தாள்.

"ஐந்து நாள் உப்புப் பாத்தி காத்தீர்கள், ஐயா. எங்கள் ஊரில் காவலுக்குக் கூலி உண்டு."

பிரதானி அதைக் கீழே போடவும் முடியாமல் மடியில் முடிந்துகொள்ளவும் முடியாமல் சபை கலையும்வரை நின்றார்.

அந்த ஆண்டு மேட்டு ஊர்களில் ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வெண்கரையில் ஐப்பசிவரை ஒரு தூறல் இல்லை. இரண்டும் தன்னுடைய ஐந்து நாள் தாம்பாள யாகத்தால் நடந்தவை என்று இரணவீரன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். உப்பும் நெல்லும் வேளைக்கு வந்துகொண்டிருந்ததால் ஒருவரும் அவனை மறுத்துப் பேசவில்லை.