பந்தலுக்கு ஒரு கயிறு

கொன்றையூர் ராஜா வீரகேசரிக்குத் தங்கமான மனசு. காதுதான் எப்போதும் மந்திரி அம்பலவாணர் பக்கம் சாய்ந்திருக்கும்.

அந்த ஊருக்கு வரும் பொட்டல் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அதற்கு அதிகாரியும் இல்லை, சம்பளமும் இல்லை. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் முறைபோட்டுக்கொண்டு கிணற்றில் இறைத்து, வழிப்போக்கர்களின் தாகம் தீர்த்தார்கள். கயிறும் பானையும் கூரைக்கு ஓலையும் மட்டும் அரண்மனை கொடுத்துவந்தது.

மந்திரிக்கு அது பொறுக்கவில்லை. "வருஷா வருஷம் ஏதாவது புதுமை செய்து காட்டினால்தான் கொடுப்போம்" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஜனங்கள் என்ன செய்வார்கள், பாவம்! ஒரு வருஷம் பந்தலுக்கு அலங்கார வாசல் வைத்தார்கள். மறுவருஷம் "வாங்க, வாங்க" என்று கூப்பிட ஒரு கிளியைப் பழக்கினார்கள். கிளிக்குப் பாடம் சொல்ல ஆள் போனது. தண்ணீர் இறைக்க ஆள் குறைந்தது.

இந்தச் சித்திரை வெயிலில் கிணற்றுக் கயிறு இற்று அறுந்தே போனது. பந்தலை நடத்தும் குருவம்மா சபைக்கு ஓடிவந்தாள்.

"மகராசா, உப்பு வியாபாரி ஒருத்தர் பந்தல் வாசல்லயே மயங்கி விழுந்துட்டாரு. கிளி வாங்க வாங்கன்னு கூப்பிடுது, குடுக்கத்தான் தண்ணி இல்ல. ஒரு கயிறு குடுங்க."

"இந்த வருஷம் என்ன புதுசு?" என்றார் மந்திரி.

"தண்ணிதான், சாமி."

"அதைத்தானே போன வருஷமும் கொடுத்தீங்க!"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "மந்திரி சொல்றதும் சரிதானே? புதுசா ஏதாவது யோசிச்சுட்டு நாளைக்கு வாம்மா."

குருவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சபையில் மருதப்பர் என்றொரு குறும்புக்காரர் இருந்தார். ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் அவர் உத்தியோகம். அவர் எழுந்தார்.

"அருமையான உத்தரவு, மகாராஜா! இதை நம்ம அரண்மனைச் சமையற்கட்டிலும் ஒருநாள் நடத்திப் பார்க்க அனுமதி வேணும்."

"ஆகா, தாராளமா நடத்தும்!"

மறுநாள் மதியம் ராஜா குதிரைச் சவாரி முடித்து நல்ல பசியோடு வந்தார். மந்திரியும் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று. தேனில் ஊறிய வாழைப்பூ வந்தது. தாமரை இதழ் பச்சடி வந்தது. மயிலாகச் செதுக்கிய பூசணிக்காய்கூட வந்தது. ராஜா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். வயிறு கேட்கவில்லை.

"சோறு எங்கே ஐயா?"

"சோறா?" என்றார் பரிமாறிக்கொண்டிருந்த மருதப்பர். "அதை நேத்தே போட்டாச்சே, மகாராஜா! இன்னைக்கும் அதையே போட்டால் அதில் என்ன புதுமை?"

மந்திரி சட்டென்று குனிந்து மயிலின் கழுத்தைக் கடிக்க ஆரம்பித்தார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நேத்துச் சாப்பிட்டால் இன்னைக்குப் பசிக்காதா? பசி தினமும் வருதே ஐயா!"

"தாகமும் அப்படித்தான் வருதாம், மகாராஜா. குருவம்மாவைக் கேட்டுப் பாருங்க."

ராஜா இலையைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கயிறும் பானையும் இப்பவே போகட்டும். ஏரிக்கரை வயல் ஒன்றைப் பந்தல் பேருக்கே விட்டுடுங்க. விளையறதை வச்சு வேண்டியதை அவங்களே வாங்கிக்கட்டும். இனிமே அவங்ககிட்ட யாரும் புதுசு கேட்கக் கூடாது. அந்தக் கிளி மட்டும் மந்திரி வீட்டுக்குப் போகட்டும்!"

ஆவி பறக்கச் சோறு வந்தது. முதல் கவளத்தை விழுங்கியதும் ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மருதப்பரே, உமக்கு என்ன பரிசு வேணும்? கேளும்!"

"புதுசா ஒண்ணும் வேண்டாம், மகாராஜா. போன வருஷம் கொடுத்ததையே கொடுங்க."